ஒரு மாதச் சம்பளத்துக்கு ஒரு சமையல் இயந்திரம்: வாங்கலாமா?

இந்த முறை வந்த கடிதம் ஆறு பக்கம். எழுதியவருக்கு 38 வயது, வேலைக்குப் போகிறவர். வீட்டில் கணவர், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள், மூட்டு வலியால் விரல்களை மடக்கச் சிரமப்படும் மாமியார். அவர் யார் என்று காட்டிவிடும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

உடன் வேலை பார்க்கும் தோழி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேரைத் தன் வீட்டுக்கு அழைத்திருக்கிறார். நறுக்குவது, அரைப்பது, எடை பார்ப்பது, மாவு பிசைவது, சூடாக்கிக் கிளறுவது, ஆவியில் வேக வைப்பது எல்லாவற்றையும் ஒரே ஜாரில் செய்யும் இயந்திரத்துக்கு அங்கே டெமோ. அரை மணி நேரத்துக்குள் சூப் வந்தது, ரொட்டி மாவு வந்தது, உறைந்த பழத்தில் ஐஸ் வந்தது. "20 இயந்திரங்களின் வேலையை இது ஒன்றே பார்க்கும், தினமும் ஒன்றரை மணி நேரம் மிச்சம்" என்றாராம் விற்க வந்தவர். விலை, நம் வாசகியின் கைக்கு வரும் ஒரு மாதச் சம்பளம். வட்டியில்லாமல் 12 மாதத் தவணை. அன்றே கையெழுத்துப் போட்டால் இரண்டாவது ஜார் இலவசம். கையெழுத்துப் போட்டு, முன்பணமும் கட்டிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் விலையை மட்டும் சொல்லிப் பார்த்தபோது கணவர், "பரணில் தூங்குகிற மூன்றோடு இது நான்காவதா?" என்று கேட்டிருக்கிறார். "சமையலறைக்குள் காலெடுத்து வைக்காதவருக்கு இதைச் சொல்ல என்ன உரிமை?" என்று அந்தப் பத்தியில் பேனா அழுத்தி எழுதியிருக்கிறார் வாசகி.

கடிதம் இப்படி முடிகிறது: "கையெழுத்துப் போட்டாயிற்று, இனிப் பின்வாங்கவும் முடியாது. இருந்தாலும் கேட்கிறேன், வாங்கியது சரியா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். அது வந்தால் நானும் சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் உட்காரலாம் என்றுதான் ஆசைப்பட்டேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே வார்த்தை கேட்டீர்கள். என்னிடம் இரண்டு இருக்கின்றன: இப்போது வேண்டாம். "இப்போது" என்பதையும் சேர்த்தே படியுங்கள். அந்த இயந்திரம் ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. உங்களைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிற சிலருக்கு "வாங்குங்கள்" என்று நானே சொல்லியிருக்கிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தும், அதில் உள்ள களைப்புக்கு இந்த ஜார் மருந்தாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கையெழுத்து

இதை மட்டும் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன், நாள் கடந்துவிடக் கூடாது என்பதால். மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கேயும் சொல்கிறேன். கடைக்கு நாமே போய் யோசித்து வாங்குவது வேறு. ஒருவர் வீட்டுக் கூடத்தில், தோழிகள் நடுவில், காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவது வேறு. அந்தச் சூழலில் மனம் இளகும் என்று சட்டம் எழுதுகிறவர்களுக்கும் தெரியும். அதனால்தான் பல நாடுகளில் இப்படிப்பட்ட விற்பனைக்கு "மனம் மாறும் காலம்" ஒன்று வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருள் கைக்கு வந்த பிறகும் 14 நாள் வரை, காரணமே சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். அமெரிக்காவில் வீட்டில் நடக்கும் விற்பனைக்கு 3 வேலை நாள். சில நாடுகளில், அழைக்காமல் கதவைத் தட்டி விற்றால் மட்டும்தான் இந்த உரிமை உண்டு. நான் வழக்கறிஞர் இல்லை, குடும்பச் செலவுகளைப் பற்றி ஆலோசனை சொல்கிறவன். எனவே உங்கள் ஊர்ச் சட்டம் என்ன என்பதை நுகர்வோர் உதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே, ஆர்டர் படிவத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ரத்து செய்யும் விதி பெரும்பாலும் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும்.

ரத்து செய்வதென்றால் போனில் சொன்னால் போதாது. எழுத்தில் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், முன்பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அதிலேயே கேளுங்கள். இலவச ஜார் கைவிட்டுப் போகிறதே என்று கவலைப்படாதீர்கள். நேரடி விற்பனையில் "இன்று மட்டும்" என்பது அநேகமாக எல்லா மாதமும் வருகிற ஒரு நாள்.

அந்த ஜாருக்குள் என்ன நடக்கிறது

இயந்திரத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. இந்த வகையில் முதலில் பெயர் வாங்கியது தெர்மோமிக்ஸ். ஜெர்மனியில் வூப்பர்டால் நகரத்து ஃபோர்வெர்க் நிறுவனம், அரைப்பதையும் சூடாக்குவதையும் ஒரே ஜாரில் சேர்த்து 1971-லேயே ஒன்றைக் கொண்டுவந்தது. இப்போது பல நிறுவனங்கள் அதே மாதிரி செய்கின்றன. அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான்: ஒரு மோட்டார், ஜாரின் அடியில் ஒரு ஹீட்டர், கீழே ஒரு தராசு, மேலே ஆவித் தட்டு.

இது உண்மையிலேயே நன்றாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. நீங்கள் பக்கத்தில் நிற்காமலே அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே வேக வைப்பது. பிளேடை எதிர்ப்பக்கமாகச் சுற்றவிட்டு மொட்டையான முனையால் கிளறும் வசதி இருப்பதால் துண்டுகள் கூழாவதில்லை. சூடு ஒரு டிகிரி கூடினாலும் திரிந்துபோகும் சாஸ், கெட்டியான கஞ்சி, வழவழவென்ற சூப், ரொட்டி மாவு, குழந்தைக்கு மசித்துத் தர வேண்டியவை, இவற்றில் இதோடு போட்டி போடுவது கஷ்டம். டெமோவில் ஏன் சூப்பும் மாவும் பழ ஐஸும் வந்தன என்று இப்போது புரியும். இயந்திரத்துக்கு முதல் மதிப்பெண் வரும் பாடங்களில் மட்டும் பரீட்சை வைத்தார்கள்.

மற்ற பாடங்களைப் பார்ப்போம். பொன்னிறமாக வறுபட்டு வரும் வாசனைக்குச் சுமார் 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதோடு பரந்த அடிப்பாகமும் வேண்டும். தெர்மோமிக்ஸின் டிஎம்5 மாதிரி 120 டிகிரியோடு நின்றது. அடுத்து வந்த டிஎம்6 160 வரை போகிறது. ஆனாலும் ஜாரின் அடி குறுகல். நிறைய வெங்காயத்தைப் போட்டால் அது தன் தண்ணீரிலேயே வெந்து வெளுத்துப்போகும். அகலமான சட்டி செய்வதை ஜார் செய்யாது. ஓவன் வேலையும் இல்லை. பிரஷர் குக்கர் வேலையும் இல்லை: குக்கருக்குள் அழுத்தத்தால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது, அதனால்தான் காய்ந்த பயறும் கடினமான இறைச்சியும் சீக்கிரம் வேகின்றன. இந்த ஜாரில் அழுத்தம் கிடையாது, நேரம் அப்படியே ஆகும். நறுக்குவதும் கத்தி மாதிரி நறுக்காது, பொடிப்பொடியாகக் கொத்தும். வில்லையாக வேண்டுமென்றால் தனி இணைப்பு, அதற்குத் தனிக் காசு.

"20 இயந்திரங்களின் வேலை" என்பதில் பொய் இல்லை. ஆனால் ஒரு சங்கதியை விட்டுவிட்டார்கள். இருபது வேலைக்கும் ஜார் ஒன்றுதான். சூப் கொதிக்கும்போது அதில் வேறெதையும் அரைக்க முடியாது. உங்கள் அடுப்பில் ஒரே நேரத்தில் மூன்று பாத்திரம் வைப்பீர்கள். இங்கே ஒன்று முடிந்து, கழுவி, அடுத்தது. இரண்டாவது ஜார் கழுவுகிற அவசரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மோட்டார் ஒன்றே என்பது மாறாது. ஜாரின் கொள்ளளவும் சுமார் 2.2 லிட்டர். ஐந்து பேருக்கு ஒரு வேளைக்குச் சரி. நீங்கள் எழுதியிருப்பதுபோல ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்து வாரத்துக்கு எடுத்து வைப்பதென்றால் இரண்டு மூன்று தடவை ஓட்ட வேண்டும். இன்னொன்று: மோட்டார் கெட்டால் அந்த இருபது இயந்திரங்களும் ஒரே நாளில் கெட்டுப்போகின்றன.

ஒன்றரை மணி நேரக் கணக்கு

உங்கள் சாயங்காலத்தை நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் என்ன சமைப்பது என்ற யோசனை, இருப்பதைப் பார்த்து இல்லாததை வாங்கி வருவது, கழுவி, தோல் சீவி, நறுக்குவது, அடுப்பருகே நிற்பது, சின்னவளுக்கு ஊட்டுவது, பாத்திரம், மேடை துடைப்பது, மறுநாள் மதிய உணவுக்கு ஆயத்தம். இதில் இயந்திரம் முழுதாக எடுத்துக்கொள்வது ஒன்றை, அடுப்பருகே நிற்பதை. நறுக்குவதில் பாதியை எடுத்துக்கொள்ளும். தோல் சீவுவது உங்களுடையது. டெமோவுக்குப் போனபோது காய்கள் ஏற்கனவே சீவிக் கிண்ணத்தில் இருந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? கடைசியில் அந்த ஜாரையும் மூடியையும் யார் கழுவினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதற்குள் கையெழுத்துப் போட்டுக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஒரு மாதச் சம்பளம் என்றால் தினம் 8 மணி நேரம், 22 நாள், ஆக 176 மணி நேர உழைப்பு. அதுதான் இந்த இயந்திரத்தின் உண்மையான விலை. அவர் சொன்னபடி தினமும் ஒன்றரை மணி நேரம் மிச்சமானால், நான்கு மாதத்தில் அந்த 176 மணி நேரமும் திரும்பி வந்துவிடும். அப்படியென்றால் நானே உங்களோடு வரிசையில் நிற்பேன். ஆனால் நீங்கள் எழுதிய வரிசையை வைத்துப் பார்த்தால், சமைக்கிற நாளில் 20 நிமிடம் மிச்சமாகும் என்பதே தாராளமான மதிப்பு. வாரம் 4 நாள் அதில் சமைத்தால் வருடத்துக்கு 69 மணி நேரம் வருகிறது. போட்டதை எடுக்க இரண்டரை வருடம். அது மோசமில்லை, இயந்திரம் அதைவிட அதிக காலம் உழைக்கும். வாரத்துக்கு ஒரு நாள் என்று சுருங்கிப்போனால் வருடத்துக்கு 17 மணி நேரம்தான். போட்டதை எடுக்கப் பத்து வருடம் ஆகும்.

ஆக, விலை அதிகமா குறைவா என்பது இயந்திரத்தில் இல்லை. வாரத்துக்கு எத்தனை நாள் என்பதில் இருக்கிறது. அந்த எண்ணை உங்களுக்கு விற்பவரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. பரணில் இருக்கிற மூன்று இயந்திரங்கள் சொல்லும். அவற்றை வாங்கிய முதல் மாதத்தில் வாரத்துக்கு எத்தனை நாள் எடுத்தீர்கள், ஆறாவது மாதத்தில் எத்தனை நாள்? கேட்கிற எனக்கும் இதில் தகுதி இல்லை. என் வீட்டுப் பரணில் ஒரு ரொட்டி செய்யும் இயந்திரம் இருக்கிறது. மொத்தம் பதினொரு ரொட்டி செய்தேன். ஒரு ரொட்டியின் விலை என்ன என்று கணக்குப் போட மனம் வரவில்லை.

இன்னொரு பழைய வம்பும் உண்டு. துணி துவைக்கும் இயந்திரம் வந்தபோது வேலை குறையும் என்று நினைத்தோம். வாரம் ஒரு முறை துவைத்த வீடு தினமும் துவைக்க ஆரம்பித்தது. சமையல் இயந்திரமும் அப்படித்தான் பலர் வீட்டில் ஆகிறது. கடையில் வாங்கிய ரொட்டி, கடையில் வாங்கிய சாஸ் எல்லாம் "இனி வீட்டிலேயே செய்யலாமே" என்று ஆகிவிடும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் உட்காரமாட்டீர்கள்.

தவணை, சந்தா, மறுவிற்பனை

"வட்டி இல்லை, அதனால் நஷ்டம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வட்டியில்லாத் தவணையில் மூன்று இடத்தைப் பாருங்கள்: மொத்தமாகக் கட்டினால் விலை குறைகிறதா, தொடக்கத்தில் பரிசீலனைக் கட்டணம் என்று ஏதாவது இருக்கிறதா, ஒரு தவணை தாமதமானால் என்ன ஆகும். மூன்றாவதுதான் பலரை மாட்டிவிடுகிறது. உங்களுக்கு ஏற்கனவே ஒரு கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. கையிருப்பு என்று நீங்கள் குறிப்பிட்ட தொகை ஒரு மாதச் செலவுக்குக்கூட வராது. எனக்கு இயந்திரத்தைவிட அதுதான் உறுத்துகிறது.

திரையில் படிப்படியாக வழிகாட்டும் சமையல் குறிப்புகளுக்குப் பெரும்பாலும் வருடச் சந்தா உண்டு. சந்தா இல்லாமலும் இயந்திரம் ஓடும். ஆனால் நீங்கள் மயங்கியது அந்தத் திரையில்தான் என்பதால் சந்தாவையும் விலையோடு சேர்த்துக் கூட்டுங்கள். எட்டு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

"வேண்டாமென்றால் பாதி விலைக்கு விற்றுவிடலாம்" என்பதும் எப்போதும் நடக்காது. புது மாதிரி வரும் நாளில் பழையதன் விலை இறங்கிவிடும். தெர்மோமிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: டிஎம்31 2004-ல் வந்தது, டிஎம்5 2014-ல், டிஎம்6 2019-ல், டிஎம்7 2025-ல். பத்து வருடமாக இருந்த இடைவெளி இப்போது ஐந்தாறு வருடமாகிவிட்டது. 2014-ல் முன்னறிவிப்பில்லாமல் புதியது வந்தபோது, சில வாரம் முன்புதான் பழையதை வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். எனவே "இந்த மாதிரி எந்த வருடம் வந்தது?" என்று எந்த நிறுவனத்திடமும் கூச்சப்படாமல் கேளுங்கள். இதே காரணத்தால் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவருக்கு லாபம். பரணில் தூங்கும் நல்ல இயந்திரங்கள் உங்கள் வீட்டில் மட்டுமா இருக்கின்றன? ஆனால் வாரண்டி மாற்றிக் கிடைக்குமா, கேஸ்கட்டும் பிளேடும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்க வேண்டும்.

உங்கள் மாமியாரின் கைகள்

கடிதத்தில் எனக்கு இயந்திரத்தின் பக்கம் சாய்வு வந்த ஒரே இடம் இது. "அத்தைக்கும் உதவியாக இருக்கும்" என்று ஒரே வரியில் போய்விட்டீர்கள். விரல் மடங்காதவர்களுக்குக் கத்தி பிடிப்பதும் கரண்டியால் கிளறுவதும்தான் சமையலில் பெரிய வலி, அந்த இரண்டையும் இது எடுத்துக்கொள்ளும். ஆனால் சூப் வெந்த பிறகு ஜாரைத் தூக்கிச் சாய்க்க வேண்டும். 2 லிட்டர் சூப்பே 2 கிலோ, எஃகு ஜாரின் எடை தனி. அதுவும் கொதிக்கக் கொதிக்க. அதை அவருடைய மணிக்கட்டு தாங்குமா? ஜாரைச் சாய்க்காமல் கரண்டியால் மொண்டு எடுக்கலாம், அதற்கும் பிடி வேண்டும். இயந்திரமே ஏறத்தாழ 8 கிலோ இருக்கும், மேடையில் அதற்கென்று நிரந்தர இடம் இல்லையென்றால் எடுத்து வைக்கிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். டெமோவில் அவர் இல்லை. அவர் கை படாமல் அவர் பெயரில் முடிவெடுக்க வேண்டாம். மூட்டு வலிக்கு அவரைப் பார்க்கும் மருத்துவரிடம், கை வேலைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளரைப் பற்றியும் கேளுங்கள். தடித்த பிடி வைத்த கத்தியும் கரண்டியும் இந்த இயந்திரத்தின் விலையில் ஒரு ஓரத்துக்குக்கூட வராது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. 2014-ல் டிஎம்31 மாதிரியின் மூடியிலிருந்த ரப்பர் வளையம் திரும்பப் பெறப்பட்டது, சூடான உணவு தெறித்துச் சுட்டுவிடும் அபாயம் இருந்ததால். அந்த அபாயம் தெரிந்த பிறகும் வாடிக்கையாளர்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்பது உள்ளிட்ட குற்றங்களுக்காக ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் அங்குள்ள விநியோக நிறுவனத்துக்கு 2018-ல் 46 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. பிறகு வந்த மாதிரிகளில் மூடி தானாகப் பூட்டிக்கொள்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் எந்த மாதிரி, கேஸ்கட் மாற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். எந்த நிறுவனத்து இயந்திரமானாலும் கொதிக்கிற திரவத்தை எடுத்தவுடன் முழு வேகத்தில் அரைக்கக் கூடாது. வீட்டில் 4 வயதுப் பெண் இருக்கிறாள்.

உங்கள் கணவர் சொன்னது

அவர் சொன்ன விதம் எனக்கும் பிடிக்கவில்லை. பரணைப் பார்த்துப் பேசுகிறவர் பாத்திரத் தொட்டியையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். ஆனால் உங்கள் கோபத்திலேயே பதில் இருக்கிறது. சமையலறைக்குள் வராத ஒருவரை ஈடுகட்ட ஒரு இயந்திரம் வாங்கப் பார்க்கிறீர்கள். அது வந்த மறுநாள், "அதுதான் எல்லாம் செய்கிறதே" என்று அவர் இன்னும் ஒரு அடி தள்ளி நிற்பார். இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அவரிடம் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். ரத்து செய்தாலும் செய்யாவிட்டாலும் சொல்லுங்கள். உங்கள் சம்பளம், உங்கள் முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடன் இருவருடையது, 12 மாதம் ஒரு தவணையை ஒளித்து வைப்பது பெரிய வேலை. ஏற்கனவே உங்களுக்கு வேலை அதிகம். சொல்லும்போது இயந்திரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அந்த அரை மணி நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். "ராத்திரி எட்டு மணிக்கு மேல் பாத்திரமும் மேடையும் உங்களுடையது. இல்லையென்றால் டிஷ்வாஷர் வாங்கலாம், எது என்று நீங்களே சொல்லுங்கள்." நீங்கள் எழுதிய வரிசையில் அதிக நேரம் தின்பது பாத்திரம்தான். ஒரு மாதச் சம்பளத்தை ஒரு இயந்திரத்தில்தான் போட வேண்டும் என்றால் உங்கள் வீட்டுக்கு நான் அதைத்தான் முதலில் யோசிப்பேன்.

என்ன செய்யலாம்

சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். இரண்டு வாரம், சமைத்த ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பக்கத்தில் மூன்றில் ஒரு குறி: ஜாரிலேயே முழுதாக முடியும், பாதி முடியும், முடியாது. இதை டெமோவில் கண்டதை வைத்துப் போடாதீர்கள். தோழியிடம் அந்த இயந்திரத்தை ஒரு வாரம் இரவல் கேளுங்கள். இரவல் தர அவர் தயங்கினால், தினமும் உபயோகிக்கிறார் என்று அர்த்தம், அதுவும் ஒரு தகவல்தான். சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தால் அது வேறு தகவல்.

அதே நேரத்தில் தவணைத் தொகையை இந்த மாதம் முதல் தனியாக எடுத்து வையுங்கள், இயந்திரம் வாங்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு. நான்கு மாதம் தடையில்லாமல் எடுத்து வைக்க முடிந்தால், தவணை உங்களுக்குச் சுமை இல்லை என்று தெரிந்துவிடும், கையிலும் மூன்றில் ஒரு பங்கு விலை சேர்ந்திருக்கும். இரண்டாவது மாதமே அதில் கை வைக்க வேண்டி வந்தால், அந்தப் பணம் முதலில் கையிருப்பாகத்தான் இருக்க வேண்டும்.

தாளில் பாதிக்கு மேல் "முழுதாக முடியும்" என்று வந்து, மாமியாரும் ஜாரைத் தூக்கிப் பார்த்துச் சரியென்று சொல்லி, நான்கு மாதப் பணமும் அப்படியே இருந்தால் தாராளமாக வாங்குங்கள். முடிந்தால் செகண்ட் ஹேண்டில். அப்புறம் பரணில் இருக்கும் மூன்றையும் முதலில் விற்றுவிடுங்கள், மேடையில் இடமும் வரும், கொஞ்சம் காசும் வரும்.

தோழியிடம் எப்படி மறுப்பது என்று ஒரு பத்தி முழுக்கத் தவித்திருக்கிறீர்கள். வீட்டில் டெமோ வைக்கிறவருக்குப் பரிசோ சலுகையோ கிடைப்பது இந்த வியாபாரத்தில் வழக்கம், அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அவருடைய பரிசுக்காக நீங்கள் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. காரணங்களை அடுக்காதீர்கள், ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருக்கும். "நான்கு மாதம் கழித்துப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையும் அதுதானே.

இரண்டு வாரம் முடிந்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம். அதில் உங்கள் கணவர் கழுவிய நாட்களுக்கும் ஒரு குறி போட்டு வையுங்கள்.